கப்பல் விடும்வரை

அக்டோபர் 8, 2023

இன்று வெள்ளோட்டம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு, பயணிகள் இல்லாமல். கப்பலின் பேர் செரியாபாணி. நாளை மறுநாள் ஆள் ஏற்றுவார்களாம். அம்மா அதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனின் பட்டாளத்துக் கறுப்புப் பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டாள். வெள்ளை பெயிண்டில் எழுதிய நம்பரில் கடைசி இரண்டு எழுத்து உரிந்துவிட்டது. அதை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். உரிந்ததே அப்படித் தடவித்தான்.

அக்டோபர் 9

10 இல்லையாம். 12.

அக்டோபர் 11

12-உம் இல்லை, 14. சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். "அவனை ஏத்தும்போது ஒரு நாளும் தள்ளிப் போடலையே."

அக்டோபர் 12

தூக்கம் வரவில்லை. அண்ணன் இருந்த அமைதிப்படையை இலங்கைக்கு அனுப்பிய இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எத்தனையாவது முறை என்று தெரியாது. 29 ஜூலை 1987, கொழும்பு. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு இலங்கைக் கடற்படைக்காரன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவ் காந்தியை அடித்தான். விருந்தாளியாகப் போன பிரதமருக்கே அந்த வரவேற்பு என்றால், காவலுக்குப் போகிறவனுக்கு என்ன நடக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லையா?

ஒப்பந்தத்தை விட அதோடு இணைத்த கடிதங்கள்தான் என்னை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் தரக்கூடாது. வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களைப் பரிசீலிக்க வேண்டும். திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளைச் சேர்ந்து சீரமைக்க வேண்டும். தமிழன் உயிரைக் காக்கப் போவதாகத்தான் எங்களிடம் சொன்னார்கள். அண்ணனும் அதை நம்பித்தான் போனான். முதல் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறான்: காங்கேசன்துறையில் இறங்கியதும் ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள், எல்லாரும் நம் பேச்சுதான் பேசுகிறார்கள், அம்மாவிடம் சொல்.

அந்தத் தொட்டிகளுக்குக் கடைசியில் 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. மொத்தம் 99. 14 இந்தியன் ஆயிலுக்கு, 24 இலங்கைக்கு, 61 கூட்டாக. அன்று பேப்பரில் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அங்கே செத்த நம் படையினர் கணக்கை மட்டும் இன்றைக்கும் 'சுமார் 1,200' என்றுதான் சொல்கிறார்கள்.

அக்டோபர் 14

மகாளய அமாவாசை. கோடியக்கரையில் ஒரே கூட்டம். அங்கே நாகையில் டெல்லியிலிருந்தே பிரதமர் காணொளியில் கப்பலைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்த நேரம், நான் இங்கே இடுப்பளவு தண்ணீரில் எள்ளோடு நின்றேன். அப்பா பேர், தாத்தா பேர், அண்ணன் பேர். "வேற யாராவது?" என்றார் சாஸ்திரி. பேர் தெரியாதவர்கள் என்றேன். "கடைசியில ஒண்ணு உண்டு, யாருமே இல்லாதவாளுக்கு. அதுல சேர்த்துக்கோங்கோ." சேர்த்துக்கொண்டேன்.

1987 தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். அண்ணன் அதற்கு நாலு நாள் முன்பே, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உரும்பிராயில் செத்துப் போய்விட்டான். அந்த நாலு நாளை நான் எத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். இருந்திருந்தால் அங்கே இருந்திருப்பானா? இருந்திருந்தால் சுட்டிருப்பானா? அவன் எறும்பைக்கூட மிதிக்காதவன் என்று எழுத வருகிறது. அப்படியெல்லாம் இல்லை. கோபக்காரன். என்னை பெல்ட்டால் அடித்திருக்கிறான்.

அக்டோபர் 15

பள்ளிக்கூடத்தில் விழாவாம், 'வீரத்தாய்' என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். பெட்டியில் ஏற்கெனவே பதினோரு பொன்னாடை இருக்கிறது. போகவில்லை.

அக்டோபர் 16

உண்டியல்.

இதை எங்கும் எழுதியதில்லை. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு ஊர் ஊராக உண்டியல் ஏந்தினோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. பால்டின்னை ஓட்டை போட்டு, மேலே புலிப்படம் ஒட்டி, பஸ்ஸில் குலுக்குவேன். இந்தியாவே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம். தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. என் காசில் எத்தனை தோட்டா வாங்கியிருப்பார்கள்? அதில் ஒன்று?

அம்மாவிடம் இன்று சொல்லிவிட்டேன். முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நானும்தான் போட்டேன். அவன் அனுப்பின மணியார்டர்ல ரெண்டு ரூவா. உன் டப்பாவுலதான்."

அப்புறம் எண்ணெய் காய்ந்ததா பார் என்றாள்.

அக்டோபர் 17

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வருகிற படை என்பது காரணம். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சார்" என்றார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் இருட்டும்வரை வரவில்லை.

இரண்டுமே அப்பாதான். என்னிடம் வாதாட வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. ஒருவன், ஆக்கிரமிப்புப் படைக்கு என்ன நினைவஞ்சலி என்கிறான். இன்னொருவன், ராணுவத்தைக் கேள்வி கேட்டால் தேசத்துரோகி என்கிறான். இருவர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இல்லை. 89-இல் இலங்கை அதிபர் பிரேமதாசாவின் அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது, நம் படையைத் துரத்த. கூப்பிட்டவனும் சுட வைத்தான், காப்பாற்றப் போனவனும் சுட்டான். நடுவில் நின்ற பையன்களை அனுப்பியவர்களை நான் கேட்காமல் யார் கேட்பது?

அக்டோபர் 18

அம்மாவுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டே என்ற ஊரில் நம் படைக்கு இருக்கும் நினைவிடம் வேண்டாமாம். "பேர் எழுதின கல்லு எதுக்கு? அவன் எறங்குன துறை, விழுந்த தெரு. அது போதும்." அங்கே இறங்கி யாரிடம் வழி கேட்பது? என்ன என்று சொல்லிக் கேட்பது? உரும்பிராய்ச் சந்தியில் ஒரு கிழவி நின்று என் மகன் இங்கே செத்தான் என்றால், எதிர் வீட்டிலிருந்தும் ஒரு கிழவி அதையே சொல்லிக்கொண்டு வரலாம்.

அக்டோபர் 20

கப்பலை நிறுத்திவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை, கடல் சரியில்லை. ஓடியதே ஒரு வாரம்தான். ஜனவரி என்கிறார்கள்.

விமானத்தில் போகலாமே என்றேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம். "அவன் கப்பல்லதான் போனான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. வருஷா வருஷம் போல அண்ணனின் ரேஸரைச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டாள். பெட்டியோடு வந்தது அது. பிளேடு அவன் போட்டதுதான். துரு ஏறி ரேஸரோடு ஒட்டிப் போயிருக்கிறது. மாற்றட்டுமா என்று கேட்டதற்குக் கையைத் தட்டிவிட்டாள்.

அக்டோபர் 25

அம்மாவுக்குக் காய்ச்சல். 101.