கடிகாரக்காரரின் வலது காது

2024 மார்ச் 3, ஞாயிறு

என் கணவர் இறந்துபோன அன்று அவர் கடையிலிருந்த கடிகாரங்கள் நின்றுவிட்டனவா என்று பலர் கேட்டுவிட்டார்கள். நிற்கவில்லை. செல் போட்டவை ஓடிக்கொண்டிருந்தன. சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மறுநாள் சாவியில்லாமல் நின்றன, அவ்வளவுதான். அவரிடம் இதைக் கேட்டிருந்தால், “எந்தக் கடிகாரம்? கொண்டுவாருங்கள், பார்ப்போம்” என்றிருப்பார்.

மகனும் நானும் கடையைத் திறந்தோம். பழுதுபார்த்தும் யாரும் வாங்கிப்போகாத கைக்கடிகாரங்கள் இழுப்பறையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு. கடையை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இவை உரியவர்களிடம் போக வேண்டும்.

மார்ச் 9, சனி

பேரேட்டைப் புரட்டினேன். படையில் செய்தி அனுப்பும் சிக்னல் பிரிவில் அவர் எழுதிய பழக்கம் கடைசிவரை போகவில்லை. மாலை 4.40 என்று எழுதமாட்டார். 1640 என்றுதான் எழுதுவார். ‘சொன்ன குறை’, ‘கண்ட குறை’ என்று இரண்டு பத்திகள். ஓரிடத்தில், சொன்ன குறை: ஓடவில்லை. கண்ட குறை: சாவி கொடுக்கவில்லை. கூலி: இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 21, வியாழன்

இன்று அவருடைய காதைப் பற்றி எழுத வேண்டும். படையில் மோர்ஸ் குறியீட்டை, அதாவது குறிலும் நெடிலுமாகத் தட்டி அனுப்பும் செய்தியை, காதால் கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. இரைச்சலுக்கு நடுவே பல நிலையங்களின் ஒலி கேட்கும். அதில் தனக்குரிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். தட்டும் கைக்கு ஒரு நடை உண்டாம். பெயர் சொல்லாமலே மறுமுனையில் யார் என்று தெரிந்துவிடும் என்பார். பக்கத்தில் வெடித்த பீரங்கி ஒன்று இடது காதைக் கொண்டுபோனது. போர்க்களத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஏறக்குறைய அது மட்டும்தான்.

மிஞ்சிய வலது காதை வைத்துத்தான் தொழில் செய்தார். பழைய கைக்கடிகாரம் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு 5. ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி சமமாக இல்லையென்றால் மூடியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். இதை அளக்கப் பிற்பாடு ஒரு கருவி வாங்கினார். கருவி சரியாக இருக்கிறதா என்று தன் காதை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்!

மணமான நாளிலிருந்து நான் அவருக்கு வலப்பக்கம்தான். கோபம் வந்தால் வேண்டுமென்றே இடப்பக்கம் போய் உட்கார்ந்து திட்டுவேன். அவர் பேசாமல் எழுந்து, நாற்காலியை மறுபக்கம் தூக்கிப்போட்டுக்கொண்டு, முழுவதையும் கேட்பார்.

ஏப்ரல் 6, சனி

ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று செல்லால் ஒரு படிகத்தை அதிரவைத்து ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அவர் படையில் இருந்தார். ஓய்வுபெற்றுக் கடை போட்டபோது எல்லோரும் செல் கடிகாரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். இந்த நேரத்தில் இந்தத் தொழிலா என்று என் அண்ணன்கூடத் தடுத்தார். இவரோ, படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதை வியந்து வியந்து சொல்லிக்கொண்டே, தன் பிழைப்பைக் கெடுத்த அதற்குச் செல் மாற்றிக்கொடுத்தார். வீட்டுச் செலவு பெரும்பாலும் அந்தச் செல்லில்தான் நடந்தது.

ஏப்ரல் 20, சனி

படைத்தோழர் ஒருவர் வந்தார். தன் தந்தை கட்டியிருந்த கடிகாரத்தை எங்களிடம் கொடுத்திருக்கிறார். சீட்டில் கொட்டை எழுத்தில் ‘திறக்காதே, ரேடியம்’. ரேடியம் கலந்த சாயம் பூசிய முள்ளும் எண்களும் இப்போது இருட்டில் மின்னுவதில்லை. கெட்டுப்போனது கூடவே கலந்திருந்த, ஒளிவிடும் துத்தநாக சல்பைடுதான். கதிர்வீசும் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அதைச் சுரண்டித் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று என் கணவர் மறுத்துவிட்டாராம்.

அந்தத் தோழர் சொல்லித்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. படையில் புறப்படும் முன் எல்லோரும் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து நொடிமுள்ளை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்களாம். வானொலியில் நேரம் கேட்டு, “இப்போது” என்று சொல்வது என் கணவர். அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை பேரும் திருகை அழுத்துவார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா, தெரியவில்லை.

மே 5, ஞாயிறு

இழுப்பறை ஏறக்குறையக் காலி. மகனுக்குக் கடையில் விருப்பமில்லை, வற்புறுத்தவும் மாட்டேன். அவரிடம் வேலை கற்ற பெண் எடுத்து நடத்துகிறேன் என்கிறாள். அவருடைய சீருடைப் படத்தைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டாள். அந்த இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டலாமே என்பார் அவர், ஆனாலும் மாட்டிக்கொள் என்றேன். பேரேட்டை நான் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். 1640 எல்லாம் என்னால் ஆகாது; மாலை 4.40 என்றுதான் எழுதுவேன்.