யாரோ வீட்டுக் குழந்தை

"பிறந்த குழந்தைக்கு முதல்ல பழைய சேலையத்தானேம்மா சுத்துவோம்? புதுசையா போடுவோம்?" என்று அந்த அம்மா கேட்டார். நோயாளிக் குழந்தைகளுக்குத் தானமாகக் கொடுக்க, பழைய சேலைகளில் அவர் தைத்துக் கொண்டுவந்த குவில்டை (உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற ஒட்டுப்போர்வை) முடித்துத் தர முடியாது என்று சொல்லியிருந்தேன். நான் யோசிக்காமல் சொன்னேன்: "அது நம்ம வீட்டுக் குழந்தைக்கும்மா. இது யாரோ வீட்டுக் குழந்தைக்குப் போறது."

சொல்லி எட்டு மாதமாகிறது. குவில்டின் மேல்துணி, பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற லாங்ஆர்ம் மெஷினில் கை பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பதில்தான் வந்து நிற்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. நம் வீட்டுக் குழந்தை என்றால் துணி கிழிந்தால் நாமே தைத்துக்கொள்வோம், சாயம் போனால் நாமே தனியாகத் துவைப்போம். தானமாகப் போகிற குவில்ட் யார் கைக்குப் போகும், எந்த மெஷினில் எத்தனை முறை கொதிக்கிற தண்ணீரில் சுழலும் என்று நமக்குத் தெரியாது. அதனால் அது இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். இதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது அப்படி.

அவர் கொண்டுவந்தது 40க்கு 50 அங்குலத்தில் ஒரு குவில்டின் மேல்பகுதி. எண்பது சதுரங்கள், எல்லாமே அவருடைய சேலைகள். அரக்குச் சிவப்பில் மதுரைச் சுங்குடி, ஒரு செட்டிநாட்டுக் கட்டம், வெளுத்துப்போன காஞ்சிபுரம் காட்டன். முதியோர் மையத்து வகுப்பில் கற்றுக்கொண்டு எழுபது வயதுக்கு மேல் தைத்தது. தையலில் குறையே சொல்ல முடியாது. கால் அங்குலம் விட்டு, மூலைக்கு மூலை பொருந்தி, நேர்கோடாகப் போகிறது. என்னிடம் பணம் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் பலரின் தையல் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை.

துணிதான் பிரச்சினை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தையல் ஓரங்களில் இழைகள் நகர்ந்து, ஊசி போன இடமெல்லாம் சல்லடை மாதிரி தெரிந்தது. இரண்டு பக்கமும் கட்டைவிரலால் லேசாக இழுத்தேன், ஒரு நூலிழை அகலத்துக்குப் பிரிந்தது. ஈரமான வெள்ளைத் துணியைச் சுங்குடி மேல் வைத்து இஸ்திரி போட்டதும் துணியில் சிவப்பாகச் சாயம் இறங்கியது. மெஷினின் சட்டத்தில் உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டித்தான் தைக்க வேண்டும். கீழ்த்துணியே எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் அதிகமாக வேண்டும் என்று நான் கேட்பது அதற்காகத்தான். அந்த இழுப்பை இந்தச் சேலை தாங்காது என்று பட்டது. அதோடு நான் மாதம் இரண்டு குவில்ட் இலவசமாக முடித்துக் கொடுக்கிற புராஜெக்ட் லைனஸ் என்ற போர்வைத் தான அமைப்பில் கேட்பதும் புதிதாக, கையால் செய்த, துவைக்கக்கூடிய போர்வைகளைத்தான். விதி நியாயமானது. நோயாளிக் குழந்தைக்குப் போகிறது.

ஆனால் அந்த அமைப்பு தொடங்கிய கதை எனக்குத் தெரியும். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த நாட்களில் தன் போர்வைதான் துணை என்று சொன்ன ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1995இல் கேரன் லவுக்ஸ் என்பவர் ஆரம்பித்தார். அந்தப் பெண் விடாமல் வைத்திருந்த போர்வை அன்று கடையில் வாங்கிய புதுசாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இது அந்த அம்மா போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். நான் பிறந்தபோது என்னைச் சுற்றியது அப்பாயியின் நூல் சேலை. பிறகு அதுவே தூளியானது, கடைசியில் நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்ட விரிப்பாகி, தம்பிக்கும் போனது. பலமுறை துவைத்துத் துவைத்து வந்த மெத்தென்ற துணிதான் பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஆகும், புதுத் துணியின் கஞ்சி உறுத்தும். இது மூடப்பழக்கம் இல்லை. அந்த அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் கிடையாது. அதனால்தான் அப்படிப் பேசிவிட்டேனோ என்னவோ.

"உங்க வீட்டுக்குன்னா நானே பணம் வாங்காம முடிச்சுத் தரேம்மா" என்றேன். அவர் மடித்துக்கொண்டே, "எங்க வீட்ல இப்ப ஏதும்மா குழந்தை, பேரன் காலேஜ் போறான்" என்றார். கிளம்பும்போது மெஷினில் இருந்ததை விரல் நுனியால் தொட்டார். "இதுவும் சேலதானே?"

"ஆமாம்மா. அது கஸ்டமரோடது."

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிவளைத்து இப்போதுதான் வருகிறேன். அன்று மெஷின் சட்டத்தில் இருந்தது, இறந்துபோன தாயின் பன்னிரண்டு சேலைகளில் ஒரு மகள் செய்யச் சொன்ன நினைவுக் குவில்ட். அவையும் நைந்த சேலைகள்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால், இஸ்திரி போட்டால் ஒட்டுகிற மெல்லிய கேன்வாஸ் வைத்துப் பலப்படுத்தியிருந்தேன். சாயத்தைப் பலமுறை அலசி எடுத்திருந்தேன். வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு இரண்டரை சென்ட் வாங்குகிற நான் அதற்கு ஆறு சென்ட் வாங்கினேன், கேன்வாஸ் வேலைக்கு மணிக்கணக்கில் தனி. அப்படியென்றால் பழைய சேலையை உறுதியாக்க எனக்குத் தெரியும். அதே அறையில், அதே நாளில் தெரியும்.

அது தைப்பதற்கு முன் ஒட்டியது, இது தைத்து முடித்தது, இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மைதான். ஆனால் தைத்து முடித்ததன் பின்பக்கம் முழுக்க ஒரே விரிப்பாக ஒட்டலாம். நாலைந்து மணி நேர வேலை. அன்று அது தோன்றவில்லை என்று சொல்லவே ஆசை. தோன்றியது. அடுத்த வாரம் தர வேண்டிய மூன்று வேலைகளும் கூடவே தோன்றின.

இலவச வேலைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று என் கணவர் கேட்கிறார். வேண்டும்தான், மெஷினுக்குத் தவணை இன்னும் முடியவில்லை. அதே சமயம், தானத்துக்குப் போகிற குவில்ட்களுக்கு உள்ளே நான் வைப்பது மற்ற வேலைகளில் வெட்டி மிஞ்சிய பஞ்சு விரிப்பு, துண்டு துண்டாக இணைத்தது. நன்றாகவே உழைக்கும், ஆனால் கஸ்டமருக்கு ஒருநாளும் வைக்கமாட்டேன். 'யாரோ வீட்டுக் குழந்தை' என்று இன்னும் உறுதியைப் பற்றிப் பேசிய அதே ஆள்.

போன மாதம் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மகன் எடுத்தார். அம்மா கும்பகோணம் போயிருக்கிறார், ஏப்ரலில்தான் வருவார் என்றார். "ஏதாவது பாக்கி தரணுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் என்னிடமிருந்த ஒரு பழைய சுங்குடியைச் சதுரங்களாக வெட்டி, வெள்ளைக் காட்டனோடு இணைத்துத் தைத்து, முடித்த பிறகு பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டினேன். பஞ்சு வைத்து, இழுத்துக் கட்டி, மெஷினில் போட்டேன். தாங்கியது. சுடுதண்ணீரில் ஐந்து முறை துவைத்தேன். தையல் ஓர் இடத்தில்கூடப் பிரியவில்லை. சாயம் மட்டும் ஐந்தாவது முறையும் போனது, வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. அதை எடுத்து வைத்திருக்கிறேன், அவர் வந்ததும் காட்ட.