வாசலைப் பின்பக்கம் திருப்பிய கதை

எங்கள் ஊர் மலேசியாவில், கீழ்ப்பேராவில், நாலு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பழைய தோட்ட கிளப் திடல் ஒன்று பல வருடமாகச் சும்மா கிடந்தது, மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மூலையில் துருப்பிடித்த கோல்போஸ்ட், இன்னொரு மூலையில் முனியாண்டி கோயில். அதில் ஒரு விளையாட்டு மையம் கட்டலாம், தோட்டத்துக்குள் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் பாதை போட்டு அங்கே கொண்டுவந்து சேர்க்கலாம் என்று பேச்சு கிளம்பியதும், கிள்ளானில் பிளான் வரையும் வேலையில் இருக்கிற என்னைச் செயற்குழுவில் சேர்த்துவிட்டார் அப்பா. "நம்ம வீட்லயே ஆள் இருக்கு" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாராம். எனக்குப் போனில்தான் தெரியும்.

முதல் பிளானை ஒரே சனி ஞாயிறில் வரைந்தேன். டவுன் ரோட்டைப் பார்த்த முகப்பு, பெரிய பெயர்ப் பலகை, கார் நிறுத்துமிடம், நடுவில் மண்டபம். பூப்பந்துக்கும், வலைக்கு மேல் காலால் பந்தை அடித்து ஆடுகிற செப்பாக் தக்ராவுக்கும் ஆடுகளம் ஒரே அளவு, 13.4 மீட்டருக்கு 6.1, ஒரே கோட்டில் இரண்டையும் ஆடலாம் என்பதில் எனக்கு ஒரே பெருமை. தக்ராவுக்குத் தலைக்கு மேல் 8 மீட்டர் வரை எதுவும் குறுக்கே வரக் கூடாது, கூரை உயரத்தை அதை வைத்தே முடிவு செய்தேன். பாதைகளா? பச்சை நிறத்தில் வளைவாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

கூட்டத்தில் திரையில் போட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, தினமும் விடியலில் நடக்கப் போகிறவர், "ஏம்மா, நாங்க அந்தப் பக்கமே வர மாட்டோமே" என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று மறுநாள் ஆறு மணிக்குத் திடலில் போய் நின்றேன். கும்மிருட்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து இங்கே சூரியன் எழுவதே ஏழு மணிக்கு மேல்தான், வேலைக்குப் போகிறவர்கள் ஓடி முடிப்பது இருட்டில்தான். அந்த இருட்டில் டார்ச்சும் நாய்க்கு ஒரு குச்சியுமாகப் பெண்கள், பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிற பையன்கள், பழைய சைக்கிளில் இரண்டு தாத்தாக்கள், எல்லோரும் பின்னால் இருக்கிற தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து வந்தார்கள். மூன்று நாள் எண்ணினேன். தோட்டத்துப் பக்கமிருந்து தினமும் நாற்பது பேருக்குக் குறையவில்லை. டவுன் ரோட்டிலிருந்து வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அங்கே மண் லாரிகள் போகிற வேகத்துக்கு யார் ஓடுவார்கள்.

அப்புறம் பிளானைத் தலைகீழாகத் திருப்பினேன். வாசல் தோட்டத்துப் பக்கம். கழிப்பறை, உடை மாற்றும் அறை, தண்ணீர்க் குழாய், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் வெளியே பார்த்தபடி, மண்டபம் பூட்டியிருந்தாலும் திறந்திருக்கும்படி. காலை ஆறு மணிக்குக் கழிப்பறைச் சாவி கேட்டு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. விளக்குக் கம்பங்களையும் மண்டபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துப் பாதைக்கு மாற்றினேன். பொருளாளருக்குக் கோபம். "1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல நம்ம நாட்டு ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 செகண்டுல ஓடினாரே, அவருக்கு யாரு விளக்கு போட்டா?" அதே அக்கா சொன்னார்: "அவரு பின்னாடி நாய் வரலையேண்ணே."

வாசலைத் திருப்பியதும் புதுத் தலைவலி. திடலுக்கும் செம்மண் சாலைக்கும் நடுவில் ஒரு பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், ஓடுகிறது, நாலு மீட்டர் அகலம். இதுவரை எல்லோரும் இரண்டு தென்னங்கட்டையில் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முறையாக ஒரு பாலம் வேண்டும். மண்டபத்துக்கான வழி எனக்கு அத்துப்படி: 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் திட்ட அனுமதி, 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் கட்டடப் பிளான், கடைசியில் பொறுப்பேற்ற ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போடுகிற நிறைவுச் சான்றிதழ். பாலத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்குத்தான் பதில் இல்லை. ஓர் அலுவலகம் இது வாய்க்கால் விஷயம் என்றது, இன்னொன்று இது சாலை விஷயம் என்றது, ஒரு ஃபைல் காணாமலே போனது, நான் கிள்ளானிலிருந்து லீவு போட்டு வந்த அன்றெல்லாம் "சார் மீட்டிங்ல இருக்காரு". பதினொரு மாதம்.

கடைசியில் ஓர் இளம் அதிகாரி, நல்ல மனுஷன், மழை விட்ட ஒரு சாயங்காலம் நேரில் வந்தார். தண்ணீர் கட்டையைத் தொட்டுக்கொண்டு போனது. பாலத்தை 60 சென்டிமீட்டர் உயர்த்துங்கள், அனுமதி தருகிறேன் என்றார். சொல்வது சுலபம். சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, ஆக 60 சென்டிமீட்டருக்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம், அது நேராகப் போய் கோல்போஸ்ட்டில் முடிந்தது. பந்து விளையாடுகிற பையன்கள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கோல்போஸ்ட்டை நகர்த்தினோம், திடல் கொஞ்சம் குறுகியது. எனக்கும் வருத்தம்தான்.

தோட்ட மேனேஜரிடம்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். நான் காட்டிய பாதையைப் பார்த்துவிட்டு அவர் மறுநடவு வரைபடத்தை விரித்தார். செம்பனையை இருபத்தைந்து வருடத்துக்குப் பக்கத்தில் வெட்டிப் புதுக் கன்று வைப்பார்கள், நான் நிழலுக்காகத் தேர்ந்தெடுத்திருந்த செம்பனைக் காடு இரண்டு வருடத்தில் மொட்டையாகப் போகிறது. பாதையைப் பக்கத்துக் காட்டுக்கு மாற்றினோம். குலை வெட்டுகிற முறை பத்திலிருந்து பதினாலு நாளுக்கு ஒரு தடவை வரும், அன்றைக்கு டிராக்டருக்குத்தான் முன்னுரிமை. மருந்தடிக்கிற நாளில் பாதை மூடப்படும், அறிவிப்பு முந்தின நாளே கோயில் பலகையில். எல்லாம் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

பாதையை மாற்றியதில் சுற்று 4.3 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஓடுகிற பையன்களுக்கு அது ஆகாதாம், 5 தான் வேண்டுமாம். தமிழ்ப்பள்ளியைச் சுற்றி ஒரு வளைவு விட்டு ஈடுகட்டினோம். சைக்கிள்காரர்களுக்குத் தனியாக 18 கிலோமீட்டர், கம்பத்து, அதாவது கிராமத்து, சாலை வழியாக. இரண்டும் ஒன்றாக வருவது முதல் 800 மீட்டர் மட்டும், அங்கே அகலம் 3 மீட்டர்.

மண்டபம் இப்போது பைலிங்கில், அதாவது அடித்தளத்துக்குத் தரைக்குள் தூண் இறக்குகிற கட்டத்தில், நிற்கிறது. கடலோரக் களிமண், செலவு ஏறிவிட்டது, மூன்று ஆடுகளம் இரண்டானது. பாலம் மட்டும் முடிந்துவிட்டது. போன ஞாயிறு போனேன், கைப்பிடியில் யாரோ இப்போதே இரண்டு சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். நான் வரைந்த ஸ்டாண்டு அங்கிருந்து இருபதடி தள்ளி. இன்னொரு தடவை பிளானைத் திருத்த வேண்டும்.