கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு

கல்வியில் கலாநிதிப் பட்டம் செய்ய நினைக்கும் எங்கள் திருகோணமலை ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "சேர், என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்றுதான். உங்கள் வகுப்பறையில் இருந்தே எடுங்கள்.

ஆள் குறைந்த சிறு பாடசாலையில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்கிறார். எந்தப் பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியும். பாடத்தை அறிவது வேறு, அதைப் பிள்ளைக்கு விளங்கவைக்கும் அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அந்த இரண்டாவது அறிவு எங்கள் பாடசாலைகளில் நிறைய இருக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆளில்லை. புதிய ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் (SLQF) முதுதத்துவமாணி (MPhil) 11ஆம் மட்டம், கலாநிதி (PhD) 12ஆம் மட்டம். முதுமாணியில் ஆய்வு செய்யாதவர்கள் 11இல் பதிந்து பிறகு உயர்த்த முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஆய்வு முறையியலைக் கடமைக்குப் படிக்காதீர்கள். பிள்ளைகளிடம் பேச பெற்றோரின் சம்மதம் வேண்டும். இடம்பெயர்ந்து வந்த குடும்பம் என்றால், எதைக் கேட்கக்கூடாது என்பதையும் முதலே தீர்மானிக்க வேண்டும்.

கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆசிரியர்கள் வரும் தவணை விடுமுறையில் சேர்ந்தால் உங்கள் ஆய்வு முன்மொழிவுகளை ஒன்றாக இருந்து வாசிக்கலாம். இரண்டு பக்கம் போதும், தமிழிலேயே எழுதி வாருங்கள்.