மூணாவது ஷாஃப்ட்டும் போச்சு

ஒரே பந்தய சீசனில் மூன்றாவது தடவையாக என் காரின் இடது டிரைவ் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, உடைந்தது. ஸ்டார்ட்டில் நான் கிளட்சைப் படாரென்று விடுவதுதான் காரணம் என்று எல்லோரும் திட்ட, நானும் நம்பிவிட்டேன். பாளையங்கோட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரே இழுப்புல முறிஞ்சா நுனியில இருக்க ஸ்ப்லைன் பல்லு முறுக்கியிருக்கும்லா? இது கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டிருக்குடே" என்றார். முறிந்த முகத்தில் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வரிவரியாகக் கோடுகள்.

அப்புறம் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட்டின் ரப்பர் உறையைக் கழற்றினால், கிரீஸுக்கு அடியில் ஷாஃப்ட் நுனி இடித்த பளபளப்பான வட்டத் தழும்பு. காரைத் தாழ்த்தியபோது சாய்வாக இருந்த ஷாஃப்ட் கிடைமட்டமாகி, அதன் நுனி ஜாயின்ட்டுக்குள் ஆழமாகப் போய்விட்டது, அதனால் உள்ளே நகர இடமில்லாமல் ஒவ்வொரு மேட்டிலும் போய் முட்டியிருக்கிறது. காரை 15 மில்லிமீட்டர் உயர்த்தியாச்சு. கிளட்ச் பழியைத்தான் எவனும் வாபஸ் வாங்கவில்லை.