பதினாறாயிரம் ரூபாய்க் கணக்கு

செப்டம்பர் 18, 2025

புரட்டாசி பிறந்துவிட்டது. கல்யாண வேலை இல்லை. பிரஸ்ஸில் இன்று இரண்டு பில் புக், ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அவ்வளவுதான். தை வரைக்கும்தான் ஓட்டுவேன் என்று முதலாளி மறுபடியும் சொன்னார். தை பிறக்கும்வரையா, தை முடியும்வரையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை 268.

செப்டம்பர் 20

வீட்டிலேயே பத்திரிகை அடிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் பார்க்கிறேன். ஓசூர் கடையில் 16,000 சொல்கிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, ஐ5-8500 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி. மானிட்டர் தனி. "கம்பெனி மெஷின்க்கா, பெங்களூர்ல ஏசி ரூம்லயே இருந்தது" என்றார் போனில். விற்பனைக்கு வருகிற எல்லா மெஷினும் ஏசி ரூமில்தான் இருந்திருக்கிறது. வெயிலில் கிடந்தது என்று ஒருத்தராவது சொல்லி விற்றால் அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

நம்ம ஊரிலேயே நான்கு ரோடு பக்கம் ஒரு கடையில் 9,500க்கு இருக்கிறதாம். அதுவும் டெல், அதுவும் ஐ5. ஆறாயிரத்து ஐந்நூறு மிச்சம். அது அப்பாவின் கால் புண்ணுக்கு ஒரு மாசத்து ஆட்டோ, கட்டுத்துணி, மாத்திரை எல்லாவற்றுக்கும் ஆகும்.

செப்டம்பர் 22

புது ஜிஎஸ்டி இன்றிலிருந்து. கம்ப்யூட்டர் விலையும் இறங்கும், பொறுத்து வாங்கு என்று சித்தி போன். ஏசிக்கும் பெரிய டிவிக்கும்தான் 28 இருந்தது 18 ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு முன்னாலும் 18, இப்போதும் 18. சொன்னேன். சித்தி நம்பவில்லை. அப்புறம் அப்பாவுக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

செப்டம்பர் 25

நான்கு ரோடு கடைக்குப் போனேன். மாடி வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு. செட்டிக்கரை காலேஜில் படிக்கிறான், இதெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் 20 லட்சம் காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப் என்று மார்ச் பட்ஜெட்டில் சொன்னார்கள் இல்லையா, அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறான். "வந்தா உங்களுக்கும் தரேன்க்கா, டைப் பண்ணிக்கங்க" என்கிறான். நல்ல பிள்ளை.

கடையில் மெஷின் பளபளவென்று இருந்தது. முன்பக்கம் புத்தம்புதிய ஸ்டிக்கர், எட்டாம் தலைமுறை ஐ5 என்று. பக்கவாட்டில் வேறு எதையோ பிளேடு வைத்துச் சுரண்டிய இடத்தில் பசை அப்படியே இருந்தது, அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகியிருந்தது. பின்னால் நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஆன் செய்தால் மூலையில் 2016 ஜனவரி என்று தேதி. உள்ளே பட்டன் பேட்டரி போய்விட்டது, அது பெரிய செலவில்லை. பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். ஐ5-6500.

ஸ்டிக்கர் வேற சொல்லுதே அண்ணா என்று கேட்டேன். "ஸ்டிக்கர் அழகுக்கு ஒட்டறதும்மா" என்றார் கடைக்காரர். கோபமே வரவில்லை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பையன் விளக்கினான். கோட்டுக்கு அப்புறம் வரும் முதல் எண்ணைப் பார்த்தால் போதும். 6500 ஆறாம் தலைமுறை, 7500 ஏழு, 8500 எட்டு. ஆறுக்கும் ஏழுக்கும் நாலு கோர், எட்டுக்கு ஆறு கோர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் அநேகமாக எட்டிலிருந்துதான் ஒப்புக்கொள்கிறது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும் இருக்க வேண்டும். அந்தக் கடை மெஷினிலும் 11 ஓடியதே என்றேன். அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றிவிடலாமாம். ஓடும். அப்டேட் வருமா என்பதற்குத்தான் மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது.

செப்டம்பர் 26

எனக்கு எதற்கு 11?

செப்டம்பர் 28

மெஷின் எதுவானாலும் ஆகட்டும், நான் பத்திரிகை லே அவுட் போடும் பேஜ்மேக்கர் ஓடுமா? இதை யோசித்தே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அடோபி அதை 2004இலேயே நிறுத்திவிட்டது. தருமபுரியில் எந்தப் பிரஸ்ஸும் நிறுத்தவில்லை. பத்திரிகை, பில் புக், காதணி விழா நோட்டீஸ், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து வைத்தது. புது சாஃப்ட்வேரில் திறந்தால் ஃபாண்ட் இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோடுக்கு மாற்றலாம், மாற்றிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் "போன வருஷம் அடிச்ச மாதிரியே, தேதி மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருகிறவருக்கு அந்தப் பழைய ஃபைல்தான் வேண்டும்.

அந்த ஃபைல்கள் யாருடையவை? அடித்தது நான். கம்ப்யூட்டர் முதலாளியுடையது. கஸ்டமர் அவருடையவர். தை மாசத்துக்கு அப்புறம் அவர்கள் யாரிடம் போவார்கள்?

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மானிட்டருக்குச் சந்தனம், பிரிண்டருக்குச் சந்தனம், கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு மட்டும் ஒரு பொட்டு. பொரி கொடுக்கும்போது முதலாளி சொன்னார்: "ஏம்மா, இந்த மெஷினையே எடுத்துக்கயேன். மூவாயிரம் குடு, போதும்."

கோர் 2 டியோ. 2 ஜிபி ரேம். விண்டோஸ் 7. மூவாயிரம்!

அக்டோபர் 2

விஜயதசமி, நல்ல நாள், இன்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓசூர்க்காரர் காலையிலேயே மெசேஜ். பதில் போடவில்லை. அப்பாவின் கால் சுண்டுவிரலை எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். விட்டால் பாதம் வரைக்கும் போகும்.

அக்டோபர் 3

அப்பாவிடம் யார் சொல்வது? தம்பி நீ சொல்லு என்கிறான். நான் நீ சொல்லு என்கிறேன்.

அக்டோபர் 6

எடுத்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம். நல்லபடியாக முடிந்தது.

அக்டோபர் 7

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சிபியுவுக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் படிக்க முடியவில்லை, இது ஒன்றுதான் மண்டையில் ஏறியது. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டுக்குப் போகும் ஒயர் 24 பின். இந்த 3060 போர்டில் அது கிடையாது. டெல்லுக்கென்றே தனி கனெக்டர், சின்னப் பெட்டிக்கென்று தனி அளவு. போய்விட்டால் தெருமுனைக் கடையில் எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்ட முடியாது, அதே மாடல் பழசு தேட வேண்டும். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய் வரும்? அப்போ யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்க வேண்டும். கணக்கு 19,000 பக்கம் வருகிறது.

மாடி வீட்டுப் பையனுக்கு மெசேஜ் போட்டேன். "அசெம்பிள் பண்ணலாம்க்கா, ஆனா ரேம் விலை ஏறிக்கிட்டே இருக்கு" என்று பதில். நர்ஸ் வந்து அட்டெண்டர் யாரு என்று கேட்டார்.

அக்டோபர் 8

அப்பா களி கேட்டார். கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்கள். எழுந்து உட்கார்ந்து கீரையோடு சாப்பிட்டார்.

அக்டோபர் 11

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான், நான் ஓசூர் போய்வந்தேன். பென் டிரைவில் பேஜ்மேக்கர், ஃபாண்ட், பழைய பத்திரிகை ஃபைல் ஒன்று எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். இங்கேயே போட்டுப் பார்க்கணும் என்றேன். "தாராளமா போடுங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீயும் வந்தது.

ஓடியது. விண்டோஸ் 11இல் பேஜ்மேக்கர் ஓடியது. பிள்ளையார் சுழி, "நிகழும் மங்களகரமான", கீழே சுற்றமும் நட்பும், ஒரு எழுத்து நகரவில்லை. ஆனால் ஜன்னலும் மெனுவும் அப்பாவின் மூக்குக் கண்ணாடி தேவைப்படும் அளவுக்குப் பொடியாக இருந்தன. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

பையன் எழுதிக் கொடுத்த சீட்டுப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜர்: 8500, ஆறு கோர். டிபிஎம் 2.0 இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய நேரம் 9 மணி. ஒன்பதே மணி நேரமா என்று முதலில் சந்தோஷப்பட்டேன். எஸ்எஸ்டி இவர்கள் புதுசாகப் போட்டது, அதை வைத்து மெஷினின் வயதைச் சொல்ல முடியாது. அதற்கு சர்வீஸ் டேக் இருக்கிறது. எண்ணை டெல் தளத்தில் போட்டால் கம்பெனியிலிருந்து என்றைக்கு அனுப்பினார்கள் என்று வருகிறது. 2019. ஆறு வயது. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன், ஃபேன் சத்தம் சீராக இருந்தது. கடையில் இருந்த இன்னொருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பின்னால் மானிட்டர் ஒயர் மாட்ட விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டும். நம் வீட்டு மானிட்டர் விஜிஏ. கன்வெர்ட்டர் 350.

பில் வேண்டுமா என்றார். பில் என்றால் 18 சதவீதம் சேர்த்து. பழைய பொருள் வியாபாரிக்கு லாபத்தின் மேல் மட்டும் ஜிஎஸ்டி கட்டுகிற வழி ஒன்று இருக்கிறதே அண்ணா என்றேன் (பிரஸ்ஸுக்கு வரும் ஆடிட்டர் சொல்லியிருக்கிறார்). சிரித்தார். "ஆறு மாசம் டெஸ்டிங் வாரண்டி, கடை இங்கதான் இருக்கு, எங்க போயிடப் போறேன்" என்றார். பில்லில் சர்வீஸ் டேக் எண் எழுதித் தர வேண்டும் என்று கேட்டதற்குச் சரி என்றார். அது பிடித்திருந்தது.

வாங்காமல் வந்துவிட்டேன். கையில் பணம் இருந்தது.

அக்டோபர் 14

விண்டோஸ் 10க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். பிரஸ்ஸில் விண்டோஸ் 7 தன் பாட்டுக்கு ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தது. அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

மூவாயிரம். மூவாயிரம்.

அக்டோபர் 15

வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். யார் கூட்டிப்போவது என்று யாரும் பேசவில்லை.

அக்டோபர் 18

ஐப்பசி ஒன்று. இலக்கியம்பட்டியிலிருந்து ஒருத்தர் நேராக வீட்டுக்கே வந்தார். மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம், 600 பத்திரிகை. "நீங்கதானம்மா எங்க பெரியவளுக்கும் அடிச்சீங்க, பிரஸ்ல கேட்டா நீங்க லீவுன்னாங்க." அந்த ஃபைல் பிரஸ்ஸில் இருக்கிறது. முதலாளிக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "காப்பி பண்ணிக்கம்மா, உன் கையெழுத்துதானே" என்றார். மெஷினைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. அப்பா வாசல்வரை நடந்தார்.

அக்டோபர் 22

3060 போய்விட்டது! தீபாவளிக்கு முன்னாலேயே யாரோ எடுத்துக்கொண்டார்களாம். வயிறு எரிந்தது. இத்தனைக்கும் வாங்குவதாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது லாட்டில் எச்பி ப்ரோடெஸ்க் 600 ஜி4 வந்திருக்கிறதாம். அதே 8500, அதே 8 ஜிபி, 15,500. இதில் விஜிஏ இருக்கிறதா? பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி மறுபடி லேப்டாப், இஎம்ஐ என்று ஆரம்பித்தான். பத்திரிகை லே அவுட்டை 15 இன்ச்சில் நாள் முழுக்கப் பார்த்தால் என் கழுத்தை யார் பார்ப்பது?

அக்டோபர் 24

விஜிஏ இருக்கிறது. 2,000 அட்வான்ஸ் ஜிபே செய்துவிட்டேன். சர்வீஸ் டேக் மாதிரி எச்பிக்கு சீரியல் நம்பர், அதையும் வாங்கி வைத்திருக்கிறேன், பையன் பார்த்துச் சொல்வான். திங்கள் டிரெஸ்ஸிங், செவ்வாய் ஓசூர். பிரஸ்ஸில் அந்த ஃபைலை நாளையே எடுக்க வேண்டும், 32 ஜிபி பென் டிரைவ் போதுமா? பஸ்ஸில் சிபியுவுக்கு லக்கேஜ் போடுவார்களா என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டால்