அக்காள்மடத்தில் நிற்காத பேருந்து

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் பேருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் சற்று நேரத்தில் வருவது அக்காள்மடம்; அதை அடுத்து வருவது தங்கச்சிமடம். சேதுபதி மன்னர் ஒருவரின் மகள்களான அக்காள், தங்கை இருவரின் நினைவாக எழுந்த மடங்களே பின்னர் ஊர்ப் பெயர்களாயின என்று தீவில் சொல்வார்கள். அந்தந்தப் பெயர்ப்பலகையின் கீழே நின்று ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அக்காவும் நானும் பள்ளி நாள்களிலிருந்தே பேசிவந்த திட்டம். சென்ற ஆனி மாதம்தான் அதற்கு வேளை வந்தது. ஆனால் அக்கா பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டை நெருங்குவதற்குள், இறங்க ஆளில்லை என்று எண்ணிய நடத்துநர் விசில் கொடுத்துவிட, வண்டி அக்காள்மடத்தைத் தாண்டித் தங்கச்சிமடத்தில்தான் நின்றது. எனக்குப் படம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. “அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு சொன்னார்களே, அதில் இரண்டாவது உனக்குத்தான் என்று ஊரே பலகை எழுதி வைத்திருக்கிறது” என்று சொல்லித் தன் ஆற்றாமையைத் தீர்த்துக்கொண்டாள்.

சிறு வயதில் ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அப்பா எங்களை அழைத்துவந்து 22 தீர்த்தங்களிலும் நனையவைத்து, நீண்ட பிராகாரத்தில் ஈரத்துணியோடு நடக்கவிட்டுக் கூட்டிச்செல்வார். ஆகவே இம்முறை கோயிலை மனத்தால் வணங்கிவிட்டு, வெளியூரில் சொன்னால் எவரும் எளிதில் நம்பாத இடங்களை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். அக்கா மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவளுடைய நாக்குக்கு முதல் வேலை வில்லூண்டி தீர்த்தத்தில் கிடைத்தது. தங்கச்சிமடத்துக் கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நடைபாலம் நீள்கிறது. அதன் முடிவில், நாற்புறமும் உப்புநீர் சூழ, ஒரு கிணறு இருக்கிறது. சீதையின் தாகத்துக்காக இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது தலவரலாறு. வாளியில் இறைத்த நீரை அக்கா ஒரு வாய் அருந்திவிட்டு, கீழே குனிந்து கடல்நீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். கிணற்று நீர் இளநீர்போல இனித்தது என்று எழுதினால் பொய்யாகும். ஆயினும் கடல்நீரோடு ஒப்பிட்டால் அது வேறு நீர் என்பதில் ஐயமில்லை. தீவின் மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அடியில் பரவியிருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும் என்று அவள் விளக்கினாள். இறைத்துத் தந்த பெரியவரோ, “அம்மா சொல்வதும் சரிதான், இராமர் அந்த மழைநீர் இருந்த இடம் பார்த்துத்தானே ஊன்றியிருக்கிறார்” என்றார். அக்காவிடம் அதற்கு மறுமொழி இல்லை.

மிதக்கும் கல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இராமேசுவரத்தில் தொட்டிகளில் போட்டுக் காட்டுகிறார்கள். உள்ளே காற்றறைகள் அடைபட்ட கல் மிதக்கத்தான் செய்யும், தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள், ஆனால் அருகிலேயே உண்டியலையும் வைத்துவிடுவதால் பாதி வியப்பு அங்கேயே மூழ்கிவிடுகிறது. அதைவிட ரயில் நிலையத்துக்குப் பக்கமுள்ள ஆபில் காபில் தர்கா என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஆதாமின் மக்கள் இருவரும் அடங்கிய இடம் என்று மக்கள் நம்பும் அந்தக் கல்லறைகள், சாதாரண மனித உடலுக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் பச்சைத் துணி போர்த்திக் கிடக்கின்றன. உலகின் முதல் உடன்பிறப்புச் சண்டையில் முடிந்துபோன இருவரையும் அருகருகே கிடத்தியிருப்பதைப் பார்த்ததும், அதுவரை படத்துக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்த அக்கா சிரித்துவிட்டாள்.

பிற்பகலில் தனுஷ்கோடிக்குப் போனோம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்தில் வேன் பிடித்து, ஈர மணலில் குலுங்கிக் குலுங்கிப் போன நினைவு எங்கள் இருவருக்கும் உண்டு. இப்போது சாலையில் நின்றபடியே வலப்புறம் மன்னார் வளைகுடாவையும் இடப்புறம் பாக் நீரிணையையும் பார்க்கலாம். அலையடிக்கும் முன்னதை ஆண்கடல் என்றும், குளம்போலக் கிடக்கும் பின்னதைப் பெண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் அந்த நாளில் பெயர்கள் பொருந்தித்தான் இருந்தன. ஆனால் வாடைக் காலத்தில் பெண்கடல்தான் சீறும் என்பதை, பெயர் வைத்தவர்கள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

1964 டிசம்பர் 22 இரவில் புயல் அழித்த ஊரில் தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையே அன்று கடல் கொண்டுபோயிற்று. தேவாலயச் சுவரில் விரலை வைத்தால், காரை உதிர்ந்த இடங்களில் பவளப்பாறைக் கல்லின் சின்னஞ்சிறு துளைகள் தட்டுப்படும். காலையில் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டிய கல்லின் உறவுமுறை இங்கே ஆளுயரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, குடிசை ஒன்றின் பின்புறம் மணலில் ஒரு குழி இருந்தது. ஆழம் இடுப்பளவுகூட இல்லை. ஒரு பாட்டி அதன் ஓரத்தில் குந்தி, சிரட்டையால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கைந்து சிரட்டை மொண்டதும் குழி கலங்கி வற்றிவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பக்கவாட்டு மணலிலிருந்து வியர்வை அரும்புவதுபோல நீர் கசிந்து, மணல் அடியில் படிந்து, மேலே தெளிந்ததும் மறுபடி மொள்வார். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்று அவர் சொன்னபோது, அக்கா காலையில் சொன்ன பாடத்தை அவர் அறிந்திருந்தது எங்களுக்குப் புரிந்தது. கடல் கூப்பிடு தொலைவில்கூட இல்லை, கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அக்கா ஒரு சிரட்டை நீர் வாங்கிக் குடித்தாள், இன்னொன்றும் கேட்டாள். வழிகாட்டிப் பலகையோ கட்டணமோ இல்லாத அந்தக் குழியைவிட நம்ப முடியாத ஒன்றை இந்தத் தீவில் நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது தங்கச்சிமடம்தான் முதலில் வரும், அதன் பிறகே அக்காள்மடம். இம்முறை விட்டுவிடக் கூடாது என்று அக்கா என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டு, நாள் முழுதும் வெயிலில் அலைந்த களைப்பில் என் தோளிலேயே தூங்கிப்போனாள். பொறுப்போடு விழித்திருந்த எனக்குத் தங்கச்சிமடத்தின் விளக்குகள் நன்றாக நினைவிருக்கின்றன. அதற்கடுத்து நினைவிருப்பது முகத்தில் அறைந்த உப்புக் காற்று. கண்விழித்தபோது பேருந்து பாம்பன் பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தது. கீழே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025இல் திறந்த புதிய தூக்குப் பாலமும் இருட்டில் நின்றன. அக்கா ஏற்கெனவே விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டாவதுதான்” என்றாள்.